பசி பரிமாறும் கடை

பெர்கனில் யாருக்கும் பசிக்காது. பத்து வயதில் ஓர் ஊசி போட்டுவிடுகிறார்கள். நம்மூரில் சொட்டு மருந்து ஊற்றுவதுபோல அரசாங்கமே போடுகிறது. அதன் பிறகு சாகிறவரை வயிறு எதையும் கேட்காது. கையில் கட்டியிருக்கிற கடிகாரம் நாளைக்கு மூன்று முறை சத்தம் கொடுக்கும். அப்போது பையிலிருந்து சோப்புக் கட்டி மாதிரி ஒன்றை எடுத்துக் கடித்து, மென்று, தண்ணீர் குடித்துவிட்டு, விட்ட வேலையைத் தொடர்வார்கள். விமான நிலையத்திலிருந்து வந்த பஸ்ஸில் எனக்கு எதிரே இருந்த பெண்பிள்ளை அப்படித்தான் தின்றாள். வண்டிக்குக் கிரீஸ் அடிப்பதுபோல இருந்தது. சர்க்கரை நோய் ஒழிந்துவிட்டதாம், தொப்பை ஒழிந்துவிட்டதாம். தொப்பை இல்லை, அதை நானே பார்த்தேன். ஊரே ஒல்லியாக, சுத்தமாக, தூறலில் நனைந்துகொண்டு நடந்தது.

இதையெல்லாம் பஸ்ஸில் எனக்குச் சொன்னவள் ஆரணி. என் பெயரைத் தமிழில் எழுதிப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் நின்றிருந்தாள். இலங்கைத் தமிழ்ப்பிள்ளை, பிறந்தது பெர்கனில். என் மகன் பூபதி வேலை செய்கிற ஓட்டலில் அவளும் வேலை செய்கிறாளாம். பூபதிக்கு ஒன்பது மணிவரை வேலை, அதனால் அவள் வந்தாளாம். சிரித்துச் சிரித்துப் பேசினாள். நான் பெட்டியை அவள் கையில் கொடுக்கவில்லை.

நான் அங்கே ஊர் பார்க்கப் போகவில்லை. பூபதியைக் கூட்டிவரப் போனேன். அவன் போய் நாலு வருஷம் ஆகிவிட்டது. முதல் வருஷம் தினமும் பேசினான். பிறகு வாரம் ஒரு முறை. கடைசி எட்டு மாதம் நாங்கள் கூப்பிட்டால் எடுப்பான், கேட்டதற்குப் பதில் சொல்வான், அவனாக ஒன்றும் கேட்க மாட்டான். பணம் மட்டும் தவறாமல் வந்தது. அவன் மகள் இதழினிக்குக் காது குத்தினோம். அவன் வரவில்லை. போனில் காட்டினோம். குழந்தை வீல் என்று கத்தியது. பார்த்தான். சரி என்றான்.

என் மருமகள் கீர்த்தனா அன்றைக்கு அழவில்லை. பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்க போயி அவரக் கூட்டிட்டு வாங்க. இல்லீன்னா அங்க வேற யாராச்சும் இருக்காங்களான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியோணும்."

அதனால் போனேன். நான் படித்தது ஐந்தாவது. திருச்செங்கோட்டு போர்வெல் வண்டியில் முப்பத்தெட்டு வருஷம் துளை போட்டவன். இங்கே தண்ணீர் இருக்கிறது என்று எவன் சொன்னாலும் நம்ப மாட்டேன். வந்தால் நம்புவேன். ஆட்கள் விஷயத்திலும் அப்படித்தான்.

ஓட்டல் துறைமுகத்தை ஒட்டி இருந்தது. ஒரு காலத்தில் மீன் அடைத்து வைத்த பழைய மரக் கிடங்கு. உள்ளே மேஜை, நாற்காலி, மங்கலான விளக்கு. சாப்பாட்டு வாசனை மட்டும் இல்லை. இரவு எட்டு மணிக்கு வெளியே பகல் மாதிரி வெளிச்சம். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஆரணி என்னை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, வேலைத் துணி மாற்றிக்கொண்டு வந்தாள். கையில் ஓர் அட்டை. அதில் என்ன சாப்பாடு போட்டிருக்கிறது என்று கேட்டேன். சாப்பாடு போடவில்லை என்றாள். சாப்பாடு எல்லோருக்கும் ஒன்றுதானாம். வேகவைத்த உருளைக்கிழங்கு, ரொட்டி, ஒரு துண்டு மீன், உப்பு. அட்டையில் இருப்பதெல்லாம் பசி. கடலில் வழி தப்பியவனின் பசி, பிள்ளை பெற்றவளின் பசி, நோன்பு திறக்கிற நேரத்துப் பசி, மலை ஏறி இறங்கியவனின் பசி. எது வேண்டுமோ அதைப் பின்கழுத்தில் ஒரு பட்டை கட்டிக் கொடுப்பார்கள். இரண்டு மணி நேரம் பசிக்கும். பிறகு போய்விடும்.

"எங்கூர்ல பசி சும்மா கெடைக்கும் அம்மிணி. சோத்துக்குத்தான் காசு" என்றேன்.

அவள் அதற்கும் சிரித்தாள்.

பக்கத்து மேஜையில் கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனுஷன். பட்டை கட்டி ஐந்து நிமிஷம் இருக்கும். உருளைக்கிழங்கைத் தோலோடு வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி தட்டை நக்கினாள். நக்கிவிட்டு அவன் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அறுபது வயதுக்காரர்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர் ஒரு ரொட்டித் துண்டுக்குச் சண்டை போட்டு, பிறகு சிரித்துக் கட்டிக்கொண்டார்கள். சுவரோரம் ஒருத்திக்கு நேரம் முடிந்துவிட்டது போல. பாதி தின்ற மீனைத் தள்ளி வைத்துவிட்டு மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் பார்த்த முகம் மாதிரி ஆகிவிட்டது அவள் முகம்.

ஆரணியிடம், உனக்கும் ஊசி போட்டிருக்கிறதா என்று கேட்டேன்.

"பத்து வயசில போட்டது ஐயா. பசி எண்டால் என்னெண்டு இஞ்ச வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும். கிழமைக்கு ஒருக்கா எங்களுக்கும் ஒண்டு தருவினம்."

அதைச் சொன்னபோதுதான் சிரிக்காமல் இருந்தாள்.

எனக்கே பசிக்கிறது, விமானத்தில் கொடுத்ததை நான் தொடவில்லை, எதற்கு இன்னொருத்தன் பசி என்றேன். அவள் விடவில்லை. மழைநாளில் மட்டும் கொடுக்கிற பசி ஒன்று இருக்கிறதாம், அதைத்தான் போட வேண்டுமாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாமாம். இவ்வளவு கெஞ்சுகிறவள் எதையோ மறைக்கிறாள் என்று தெரிந்தது. என்ன மறைக்கிறாள் என்று பார்க்கத்தான் கழுத்தைக் காட்டினேன். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு குப்பி. அதைப் பட்டையில் பொருத்திக் கட்டினாள்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு தொப்புளுக்கு மேலே யாரோ முஷ்டியை வைத்து மெதுவாகத் திருகினார்கள். என் பசியைவிட இளம் பசி. ஆனால் அந்தப் பசி ரொட்டியை நோக்கிப் போகவில்லை. எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. எதிரில் ரொட்டி இருக்கிறது, வயிறு எரிகிறது, கை போகமாட்டேன் என்கிறது. எதற்கோ காத்திருக்கிறது.

அப்போது யாரோ வாசல் கதவைத் திறந்தார்கள். மழையில் நனைந்த கல்லின் வாசனை உள்ளே வந்தது. வாயில் எச்சில் குபுகுபு என்று ஊறியது. கை தானாகப் போய் ரொட்டியை எடுத்தது. அரை ரொட்டி போன பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அதோடு இன்னொன்றும் இருந்தது. என் இரண்டு கையும் லேசாக விரிந்து, எதையோ தூக்கத் தயாராக நின்றன. ஒரு வயதுக் குழந்தையின் எடை. முகம் ஒன்றும் தெரியவில்லை. எடை மட்டும்.

பட்டையைப் பிய்த்து மேஜைமேல் போட்டேன்.

எங்கள் வண்டியில் ஒரு வழக்கம் உண்டு. மற்ற வண்டிகளில் கிடையாது, நான் கொண்டுவந்தது. துளைக்கிற பிட் மண்ணில் இறங்கியதிலிருந்து தண்ணீர் கண்ணில் படுகிறவரை வண்டியில் ஒருத்தனும் சாப்பிடக் கூடாது. குடிக்கத் தண்ணீர் மட்டும். முந்நூறு அடியில் கிடைத்தால் அன்றைக்கே சோறு. ஆயிரம் அடி போயும் வெறும் தூசிப் புகையாக வந்தால், வண்டியை அடுத்த இடத்துக்கு நகர்த்தி மறுபடி முதலிலிருந்து. இரண்டு நாள்கூட ஆகியிருக்கிறது. தோட்டக்காரர்களுக்கு எங்கள்மேல் மரியாதை வந்தது அதனால்தான். கம்ப்ரசர் காற்று உலர்ந்த கல்தூளை ஊதிக்கொண்டே இருக்கும். திடீரென்று தூள் நனைந்து வரும். அந்த ஈரக்கல் வாசனைக்கு எங்கள் வயிறு பழகியிருந்தது. அது வந்தால்தான் பசிக்கே அனுமதி.

அந்தப் பழக்கம் உள்ளவர்கள் உலகத்தில் ஏழு பேர். இரண்டு பேர் செத்துவிட்டார்கள். நாலு பேர் கடல் தாண்டியதில்லை, அந்த நாலில் நான் ஒருத்தனாக இருந்தேன். மீதி பூபதி. பதினேழு வயதில் வண்டிக்கு வந்தான். சித்ரதுர்காவில் ஒரு தோட்டத்தில் துளை எழுநூறு அடி போனபோது மயங்கி விழுந்தான். முகத்தில் தண்ணீர் அடித்து, எழுப்பி, மறுபடி ராடு மாட்ட நிறுத்தினேன். அவன் நின்றான். அதைப் பத்து வருஷம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

ஆரணி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"இது என்ற பையனுது" என்றேன்.

"ஓம் ஐயா. நான் வாயால சொல்லியிருந்தா நீங்கள் நம்பியிருக்க மாட்டியள்."

அது உண்மைதான்.

பிறகு சொன்னாள். ஊசி போடாத நாட்டு ஆட்களைக் கொண்டுவந்து மேல்மாடியில் நாலு நாள் சாப்பாடில்லாமல் படுக்க வைப்பார்களாம். நாலாம் நாள் முடிவில் பின்கழுத்தில் குழாய் வைத்துப் பசியை இறக்குவார்களாம். பூபதி வந்தது அந்த வேலைக்கு. சமையல்கட்டு வேலை என்று எங்களிடம் சொன்னது பொய். ஒரு ஆள் பன்னிரண்டு தடவைக்கு மேல் கொடுப்பதில்லை. பூபதி நாற்பத்தொரு தடவை கொடுத்திருக்கிறான். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. போதும் என்று சொன்னதற்கு, எங்கப்பா வண்டியில் இதைவிடப் பார்த்திருக்கிறேன் என்றானாம்.

பசியைத்தானே எடுத்தார்கள், படம் பிடிப்பதுபோல ஒரு நகல் எடுத்திருப்பார்கள், ஆளுக்கு என்ன என்று கேட்டேன்.

"படம் எடுக்கிற மாதிரி இல்லை ஐயா, இரத்தம் எடுக்கிற மாதிரி. எடுத்தது எடுத்ததுதான். கொஞ்சம் கொஞ்சமா ஊறும். அவருக்கு ஊறுறது நிண்டு போச்சு. எட்டு மாசமா அவர் மேல்மாடியில துப்புரவு வேலை செய்யிறார்." அவள் மேஜையில் விழுந்த ரொட்டித் தூளை விரலால் ஒதுக்கினாள். "பசி மட்டும் போனால் பரவாயில்லை. பிள்ளையைப் பாக்க வேணும், வீட்டுக்குப் போக வேணும், ஒருத்தரோட கோவிக்க வேணும், எல்லாம் சேர்ந்து போச்சு."

இதற்குமேல் அவள் சொல்லாமலே எனக்கு விளங்கியது. ஒரு தோட்டத்தில் ஆயிரம் அடிக்குப் போர் போட்டு இரவும் பகலும் இறைத்தால் பக்கத்துக் கிணறுகள் வற்றும். கிணற்றுக்காரன் என்னைத்தான் திட்டுவான். மேலே பார்க்கத்தான் கிணறு வேறு, போர் வேறு. கீழே ஒரே தண்ணீர்.

ஒன்பது மணிக்குப் பூபதி படி இறங்கி வந்தான். மெலிந்திருப்பான் என்று நினைத்தேன். நன்றாகத்தான் இருந்தான். சவரம் செய்திருந்தான். சட்டை தேய்த்திருந்தது. எதிரில் உட்கார்ந்தான். பயணமெல்லாம் சௌகரியமா என்று கேட்டான். ஆஸ்பத்திரியில் சீட்டுக் கொடுக்கிறவன் கேட்பதுபோலக் கேட்டான். நாலு வருஷம் கழித்துப் பார்க்கிற அப்பனிடம் சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

வீட்டு விஷயமெல்லாம் சொன்னேன். கீர்த்தனா சொன்னதை அப்படியே சொன்னேன். தலையாட்டினான். நாளைக்கே கிளம்பலாம் என்றேன்.

"போலாம்னா போலாங்கப்பா."

"உனக்கு வரோணும்னு இருக்குதா, இல்லியா? அதச் சொல்லு."

யோசித்தான். நேர்மையாகத்தான் யோசித்தான், அது முகத்தில் தெரிந்தது. உள்ளே எதையோ தேடிவிட்டு வெறுங்கையோடு வருகிறவன் மாதிரி.

"அது தெரியலீங்கப்பா" என்றான்.

அறைந்தேன். அந்த ஓட்டலில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். கன்னம் சிவந்தது. அவன் கோபப்படவில்லை. அடுத்து என்ன கேட்கப் போகிறேன் என்று காத்திருந்தான்.

ஆரணி உள்ளே போய் வந்தாள். அவன் குப்பிகளில் இரண்டுதான் மீதி இருந்ததாம். ஒன்றை நான் தின்று தீர்த்துவிட்டேன். இன்னொன்றைக் குளிர்ப்பெட்டியிலிருந்து யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்திருந்தாள். தெரிந்தால் வேலை போய்விடும் என்றாள். அதையும் அவள் பெரிதாகச் சொல்லவில்லை. பூபதியிடம் கழுத்தைக் காட்டச் சொன்னாள். காட்டினான்.

கொஞ்ச நேரத்தில் அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். மழை வாசனை வந்ததும் இரண்டு கையாலும் உருளைக்கிழங்கை எடுத்துத் தின்றான். தின்றுகொண்டே அழுதான். அழுதுகொண்டே கேட்டான். பாப்பா பள்ளிக்கூடம் போகிறதா, தனியாகத் தூங்குமா, இருட்டுக்குப் பயப்படுமா, கீர்த்தனாவுக்கு அந்தக் கால்வலி இருக்கிறதா, அவள் என்னைத் திட்டுகிறாளா, என்ன சொல்லித் திட்டுகிறாள். காது குத்தினபோது பாப்பா அழுததா என்று கேட்டான். போனில் பார்த்தாயே என்றேன். பார்த்தேனுங்கப்பா என்று சொல்லிவிட்டு மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டான்.

ஒன்றரை மணி நேரம் பேசினோம். என் கையை விடவே இல்லை. கிழங்கும் உப்புமாக இருந்த கை. பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அப்பா, இது எறங்குனதும் நான் எல்லாத்துக்கும் சரி சரிம்பேன். இல்லீன்னா வேண்டாம்பேன். அது எதையும் கேக்காதீங்க. கட்டி இழுத்துட்டாவது போயிருங்க."

"இழுத்துட்டுப் போயி?"

அவன் பாப்பாவுக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்க ஆரம்பித்தான். பாதியில் நிறுத்தினான். வாயைத் துடைத்தான். துடைத்த காகிதத்தை நாலாக மடித்துத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். கை என் கையிலிருந்து எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை.

"நேரமாச்சுங்கப்பா. உங்களுக்கு ரூம் போட்டிருக்குது" என்றான்.

அவனை மேலே அனுப்பிவிட்டு ஆரணி எதிரில் உட்கார்ந்தேன். இவனை இழுத்துக்கொண்டு போய்க் கீர்த்தனாவிடம் நிறுத்தலாம். சொன்னபடி உட்காருவான், சொன்னபடி படுப்பான். குழந்தையை மடியில் கொடுத்தால் வைத்துக்கொள்வான், எடுத்தால் கொடுத்துவிடுவான். அதைவிட, வேறொருத்தி இருக்கிறாள் என்று போய்ச் சொல்வதே மேல். இதற்கு வழி உண்டா இல்லையா, சுற்றி வளைக்காமல் சொல் என்றேன்.

அவள் தயங்கித்தான் சொன்னாள். முன்பு நேபாளத்து அண்ணன் தம்பி இருவர் வேலை செய்தார்களாம். தம்பிக்கு இப்படி ஆனபோது, அண்ணனுடைய பசியைக் குப்பியில் அடைக்காமல், சூடு ஆறாமல், குழாய் வழியாக நேராகத் தம்பிக்கு விட்டார்களாம். பத்துத் தடவை. தம்பிக்கு ஊறத் தொடங்கிவிட்டது. சொந்த இரத்தமாக இருக்க வேண்டும், ஒரே மாதிரிப் பட்டினி கிடந்து பழகின உடம்பாக இருக்க வேண்டும். வேறெவர் பசியும் தங்காது.

அண்ணன் என்ன ஆனான் என்று கேட்டேன்.

"உயிரோட இருக்கிறார் ஐயா" என்றாள்.

வற்றின போருக்குப் பக்கத்தில் குழி வெட்டி மழைத்தண்ணீரை விட்டால் சில இடத்தில் ஊறும். பல இடத்தில் ஊறாது. நான் இரண்டையும் பார்த்திருக்கிறேன். எனக்கு வயது அறுபத்தொன்பது.

மறுநாள் காலை ஓட்டல் முதலாளியம்மாவிடம் போனோம். அவளும் சிரித்தாள். ஆரணிதான் மொழிபெயர்த்தாள். ஒவ்வொரு தடவையும் மகனுக்குக் கொடுத்ததுபோக அவர்களுக்கு ஒரு குப்பி வேண்டுமாம். அப்படியானால் இடமும் குழாயும் தருவார்களாம், தங்குவதற்குக் காகிதமும் அவர்களே வாங்கித் தருவார்களாம். படிக்கத் தெரியாத தாளில் நான் கையெழுத்துப் போட்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான். அடுத்த வாரம் அட்டையில் புதிதாக ஒரு வரி ஏறியிருந்தது. கிழவனின் பசி, மழைநாளில் மட்டும். நன்றாகப் போனதாம்.

கீர்த்தனாவுக்குப் போன் போட்டேன். வேறு யாரும் இல்லை, உடம்பு சரியில்லை, கூட்டிக்கொண்டு வருகிறேன், நாலைந்து மாதம் ஆகும் என்றேன். என்ன உடம்புக்கு என்று கேட்டாள். வந்து சொல்கிறேன் என்றேன்.

நாலு நாள் பட்டினி, பத்து நாள் ஓய்வு, மறுபடி பட்டினி. அடுத்தடுத்த கட்டிலில் படுத்திருந்தோம். நடுவே விரல் தடிமனில் ஒரு குழாய். இறக்கும்போது வலி இல்லை. குளித்துவிட்டு வந்ததுபோல லேசாக இருந்தது. முதல் மூன்று தடவை பூபதியிடம் ஒரு மாற்றமும் இல்லை. நான் ராத்திரியெல்லாம் அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். நாலாவது முடிந்து இரண்டு நாள் கழித்து, அவனாக எழுந்து உட்கார்ந்து, ஊறுகாய் கிடைக்குமா என்று கேட்டான். ஆரணி எங்கேயோ அலைந்து வாங்கி வந்தாள். எனக்கு அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தது. கடைசியாக அப்படி இருந்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

ஆறாவது தடவைக்குப் பிறகு அவன் என்னைத் திட்டினான். சித்ரதுர்காவைச் சொல்லித் திட்டினான். பதினேழு வயசுப் பையனை மயங்கி விழுந்த பிறகும் நிறுத்தி வைத்தீங்களே, நீங்கள் மனுஷனா, அந்தத் திமிரில்தானே நானும் நாற்பத்தொரு தடவை படுத்தேன் என்றான். அவன் சொன்னது சரி. இப்படிக் கேட்டால் ஒரு மனுஷனுக்கு நெஞ்சு அடைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவன் முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தேன். அவன் முடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"போதும்ப்பா. நிறுத்திக்கலாம்" என்றான்.

ஊறத் தொடங்கின இடத்தில் நிறுத்தினால் மறுபடி வற்றிவிடும் என்று சொல்லி, மீதி நாலையும் முடித்தோம். அவனை ஆரணியும் நானும் பேசிப் பேசிப் படுக்க வைத்தோம். ஒன்பதாவதில் அவன் மகள் பெயரைச் சொல்லி அழுதது எனக்குச் சுவருக்கு அந்தப் பக்கத்துச் சத்தம்போல இருந்தது. பத்தாவது முடிந்ததும் டிக்கெட் போட்டான். ஆரணி வழியனுப்ப வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் தோளில் கை வைக்க வேண்டும் என்று நினைவு வந்தது, வைத்தேன்.

இப்போது ஊரில் இருக்கிறோம். வந்து ஏழு மாதம் ஆகிறது. பூபதி சித்தப்பா மகனோடு சேர்ந்து மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நன்றாகச் சாப்பிடுகிறான், சோறு குழைந்தால் தட்டைத் தள்ளுகிறான், கீர்த்தனாவோடு சண்டை போடுகிறான், இரண்டு நாள் பேசாமல் இருந்து பிறகு இருவரும் சினிமாவுக்குப் போகிறார்கள். கீர்த்தனா ஒருநாள் என் காலில் விழுந்தாள். எழுந்திரு என்றேன். எனக்குக் கடிகாரம் வாங்கிக் கட்டியிருக்கிறார்கள். மூன்று முறை சத்தம் கொடுக்கும். தட்டில் இருப்பதைச் சாப்பிடுகிறேன்.

போன மாதம் பூபதி என்னைக் கடைக்குக் கூட்டிப்போய், கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான். கோயமுத்தூரில் இப்படி ஓர் ஓட்டல் வந்திருக்கிறதாம், குழாயும் ஆளும் உண்டாம். அவன் எனக்குத் திருப்பித் தருகிறானாம். அப்பனுக்கு மகன் தரக்கூடாதா என்று கேட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

வேண்டாம் என்றேன். பாசத்தில் சொல்லவில்லை. கீழே இருப்பது ஒரே தண்ணீர், யார் இறைத்தாலும் ஒருத்தருக்குத்தான் தேறும். அது எனக்குத் தெரியும், அதனால் சொன்னேன்.

இதழினிக்கு ஆறு வயது ஆகிவிட்டது. அவளுக்கு ஒன்றும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் என்னிடம்தான் வருகிறாள். படம் வரைந்து கொண்டுவந்து காட்டுவாள், காட்டிவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். முதல் சில நாள் நான் சும்மா இருந்தேன். அவள் இன்னும் கிட்டே வந்து, என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணுக்குள் எட்டிப் பார்த்து, தாத்தா, தாத்தா என்று கூப்பிட்டாள்.

நான் போட்ட போர்களில் தண்ணீர் வராத குழிகள் எத்தனையோ. பொய்த்த குழிக்கு மூடி போடாமல் எங்கள் வண்டி ஒரு தோட்டத்தைவிட்டும் கிளம்பியதில்லை. குழந்தைகள் நடமாடுகிற இடம்.

அதனால் இப்போது அவள் படத்தைக் காட்டினால் வாங்கிப் பார்க்கிறேன். மாடு நல்லா இருக்குது கண்ணு, கொம்பு இன்னொண்ணு எங்க என்று கேட்கிறேன். சிரிக்கிறேன். அவளும் சிரித்துவிட்டு, கொம்பு போட உள்ளே ஓடுகிறாள். அவள் வாசற்படி தாண்டுகிறவரை முகத்தை அப்படியே வைத்திருக்கிறேன்.